நாற்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்றேன்

போன சனிக்கிழமை எக்ஸிபிஷனின் கடைசி நாள். பெண் ஜாய்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். போகாமலே இருந்திருக்கலாம்...

ஜாய்ஸுக்குப் பதினொரு வயது. ஜயன்ட் வீலில் ஏறவேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் சீக்கிரம் போனால் க்யூ இருக்காது என்று மூன்று மணிக்கே கூட்டிப் போனேன். க்யூ இல்லைதான். ராட்டினமே ஆறு மணிக்குத்தான் சுற்றும் என்றார்கள்! அடுத்த வருஷம் வாரநாளில் போனோம். எல்லாரும் என்னைப் போலவே வாரநாளில் வந்திருந்தார்கள். க்யூவைப் பார்த்து அப்படியே லோத்குண்டாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச் உத்தியோகம் பார்க்கிறவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் என்று தொழிலாளி பின்னால் நின்று கணக்கு எடுப்பது. என்னைப் பார்த்தாலே அங்கே எல்லாருக்கும் கை மெதுவாகிவிடும். அது வேறு கதை.

இந்த வருஷம் ஸ்டாப்வாட்சையே எடுத்துக்கொண்டு போனேன்.

ராட்டினத்துக்கு இரண்டு க்யூ. ஆண்களுடையது கடைத்தெரு வரைக்கும் வளைந்து போயிருந்தது. லேடீஸ் க்யூ அதில் பாதி. நம் ஊரில் க்யூவிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி உண்டா? ரேஷனோ, ரயில் டிக்கெட்டோ — வீட்டுப் பெண்களை முன்னால் தள்ளிவிடு. நானும் ஜாய்ஸை லேடீஸ் க்யூவில் நிறுத்திவிட்டு, கம்பிக்கு வெளியே நின்றுகொண்டேன்.

அவளுக்குப் பின்னால் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. புருஷனுக்கு மல்லாபூரில் ஏதோ ஃபாக்டரியில் வேலை. அவன் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் நின்றான்.

"மாடி வூடுகூட ஏறுனதில்லண்ணா இவ. மேலேர்ந்து ஊரைப் பாக்கணுமாம். வந்த நாளா ஒரே தொல்ல," என்றான். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

நான் வாட்சை அமுக்கி மூன்று நடை பார்த்தேன். பன்னிரண்டு பெட்டி, அதில் ஆறு பெட்டி பெண்களுக்கு, பெட்டிக்கு நான்கு பேர். பத்துச் சுற்று. ஏற்றி இறக்கி ஒரு நடைக்கு ஏழு நிமிஷம். ஜாய்ஸுக்கு முன்னால் நூற்றைம்பது தலை...

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. பசி. அந்தப் பெண் தவித்தாள். புருஷனை லேடீஸ் க்யூவில் நிறுத்திவிட்டுப் போகவும் முடியாது. என்னிடம் கேட்டாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

"நாற்பத்தைந்து நிமிஷம்மா. கண்டிப்பா ஆகும். தாராளமா போய்ப் பால் கொடுத்துட்டு வா. என் பெண் இடம் பார்த்துக்குவா."

ஜாய்ஸும் தலையாட்டினாள். தாய்மார்களுக்கென்று தட்டி கட்டிய இடம் எக்ஸிபிஷனின் இன்னொரு மூலையில், நுழைவாயில் பக்கம். இரண்டு பேரும் குழந்தையோடு கூட்டத்தில் மறைந்தார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு உதவினோம் என்று எனக்கு ஒரு திருப்திகூட!

கொஞ்ச நேரத்தில் க்யூ மளமளவென்று நகர்ந்தது. என்ன இது? ராட்டினம் நின்றதும் சுற்றை எண்ணினேன். ஐந்து. அடுத்த நடையும் ஐந்து. ராட்டினக்காரரைக் கேட்டேன்.

"பப்ளிக் ஜாஸ்தி ஹை சாப். பாஞ்ச் சக்கர், பஸ்," என்றார் சாவதானமாக.

கூட்டம் குறைவாக இருந்தால் பத்து, சேர்ந்துவிட்டால் ஐந்து. அதாவது, அதிக நேரம் நின்றவனுக்குத்தான் குறைந்த சுற்று. டெலிபோனுக்கும் ஸ்கூட்டருக்கும் எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற நமக்கு இது புதிதா என்ன? ஆனாலும் நுழைவாயில் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன்; அவர்களைக் காணோம். கடைசி நாள் என்பதால் க்யூவின் வாலில் கயிறும் கட்டிவிட்டார்கள். இனிமேல் யாரும் சேர முடியாது.

ஜாய்ஸின் முறை இருபத்தைந்தாவது நிமிஷமே வந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டாடி, ஆன்ட்டி இன்னும் வரல. பின்னாடி இருக்கறவங்கள முன்ன விட்டுட்டு நிக்கட்டா?"

நின்றிருக்கலாம். நாலைந்து நடை பாக்கி இருந்தது. ஆனால் பின்னால் இருந்த பெண்கள் "சலோ, சலோ" என்று நெருக்கினார்கள். இந்த வருஷமும் தவறிவிட்டால்?

"நீ ஏறு," என்றேன்.

அவள் பெட்டி மேலே கிளம்பியபோது அவர்கள் ஓடி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"பாப்பா எங்கண்ணா?"

நான் மேலே காட்டினேன். அவள் மேலே பார்த்தாள். அப்புறம் புருஷனின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முப்பது நிமிசம்தானண்ணா ஆச்சு?"

அவன் கயிற்றருகே நின்ற ஆளிடம் கெஞ்சினான். "லைன் பந்த் ஹோகயா," என்று அந்த ஆள் கையை விரித்துவிட்டான். 'இந்த அம்மா க்யூவில்தான் நின்றார்கள், நான்தான் போகச் சொன்னேன்' — இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என்ன சொன்னேன் தெரியுமா?

"சுற்றைக் குறைச்சிட்டாங்கம்மா. என் கணக்கு சரிதான்."

"அப்படீங்களா..." என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. புருஷன்தான், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், வா," என்றான். அவனுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, ஊருக்குத் திரும்புகிறார்கள் என்பதை அவன் க்யூவில் நின்றபோதே என்னிடம் சொல்லியிருந்தான். அவர்கள் போவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து சுற்று முடிந்து ஜாய்ஸ் இறங்கினாள். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"மேலேர்ந்து ஊரெல்லாம் எப்படித் தெரிஞ்சது?"

"பாக்கல டாடி."

"ஏம்மா? பயமா?"

"நக்கோ, பயம்லாம் இல்ல. கீழ அந்த ஆன்ட்டியத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க அவங்ககிட்ட என்னவோ சொல்லிட்டே இருந்தீங்க... அப்புறம் அவங்க போயிட்டாங்க."

ஆக, அன்றைக்கு ராட்டினத்தில் ஊர் பார்க்காமல் வீடு திரும்பிய பெண்கள் இரண்டு பேர்.