பாலத்து மேட்டில் இரண்டு கிளாஸ்

நான் கல்லறைக் குழி வெட்டிப் பிழைப்பவன். கதை கட்டத் தெரியாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் சிரியாவில் காபூர் ஆற்றங்கரைக்கு வந்து எங்கள் அசிரியக் கிறிஸ்தவர்களில் யாரையாவது கேளுங்கள்.

ஹோர்மிஸுக்கு ஜெனரல் பட்டத்தை எந்த அரசும் தரவில்லை. பருத்தி வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டியவர். கறுப்புக் கொடிக்காரர்கள் வந்தபோது, வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த நாற்பது பேரைச் சேர்த்து எட்டு மாதம் ஊரைக் காத்தார். பழைய குண்டுக் காயத்தால் வலது காலை இழுத்துத்தான் நடப்பார். தினமும் ஒவ்வொரு காவல் மேட்டுக்கும் வருவார். டீ குடிப்பார். போதும் என்றால் எங்கள் வழக்கப்படி கரண்டியை கிளாஸ் மேல் குறுக்கே வைப்பார்.

அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். அவரே நேரில் வந்து சொல்லாமல் யாரும் காவலை விட்டு இறங்கக் கூடாது.

அன்று காலை அவருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "பொழச்சுக்குவாரு" என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.

மதியம் புழுதிப்புயல் அடித்தது. வானம் மஞ்சளாகி இருட்டியது. தேவாலயத்துக்குள் முப்பத்தொரு கிழவர்களும் கிழவிகளும் இருந்தார்கள். நான் கூரையில் காவல். பாலத்து மேட்டில் ஜெனரலின் ஒரே மகன் ரம்சின், தனியாக. பத்தொன்பது வயது.

மூன்று இருபது. படியில் காலடிச் சத்தம். இழுக்கும் சத்தம் இல்லை...

"யாரு?"

"தம்ராஸ் பேரனே, டீ இருக்கா, இல்ல நீயே குடிச்சுத் தீத்துட்டியா?"

தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் எங்கள் அடையாளம். வெளியாளுக்குத் தெரியாது. ஜெனரலேதான். டீ ஊற்றினேன். அவர் தொடவில்லை.

என் இமையெல்லாம் புழுதி. அவர் கறுப்புக் கோட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

வெறுங்கால்.

"பூட்ஸ் எங்க ஜெனரல்?"

"ஆஸ்பத்திரில அறுத்து எடுத்துட்டாங்க. பெருசுங்களக் கூட்டிட்டு ஆத்துல எறங்கு. அவங்களப் பாலத்துப் பக்கம் கூட்டிட்டுப் போகாத. நீ மட்டும் போயி ரம்சின எறங்கச் சொல்லு."

பாலம் நானூறு அடி தூரம்.

"நான் சொன்னா எறங்க மாட்டான். உங்க சட்டம் அது. பெத்தவரு நீங்க, நீங்களே சொல்லுங்க."

"நான் கூப்பிட்டா என்கூடவே வந்துருவான்டா."

"வரட்டுமே. நல்லதுதான?"

அவர் பாலத்துப் பக்கம் பார்த்தார். எழுந்து அந்தப் பக்கமே போனார்.

கிளாஸ் நிறைய டீ. கரண்டி குறுக்கே இல்லை...

மார்பளவுத் தண்ணீர். ஒவ்வொருவராகத் தோளில் சுமந்தேன். நாலு ஐம்பதுக்கு முப்பத்தொரு பேரும் அக்கரையில் இருந்தார்கள்.

வயர்லெஸ் கரகரத்தது.

"ஜெனரல் ஒண்ணு பத்துக்கே ஆஸ்பத்திரிலயே இறந்துட்டாரு. ரம்சினுக்குச் சொல்லாதீங்க."

கறுப்புக் கொடிக்காரர்கள் பாலம் வழியாக ஊருக்குள் வந்து போன பிறகு, எட்டாம் நாள்தான் பாலத்து மேட்டுக்குப் போக முடிந்தது. ரம்சின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடக்கத்துக்கு முன் உடம்பைக் கழுவியது நான்தான். ஒரு கீறல்கூட இல்லை.

அவன் முன்னால் இரண்டு கிளாஸ்.

இரண்டும் காலி.

இரண்டின் மேலும் கரண்டி குறுக்கே...

நானூறு அடிதான். நான் போய்ச் சொல்லியிருக்கலாம்.