முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில்

பாலகுமாரின் முகம் சிதம்பரத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் "ஒரு டீ, சர்க்கர கம்மி" என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். "அண்ணே, போர்ப்பறவை சேனல்ல பேசுறது நீங்கதானே?" என்பான். அப்புறம் செல்ஃபிதான். அவனுக்கு அதில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. யாருக்குத்தான் இருக்காது?

சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில். பன்னிரண்டாவது முடித்த கையோடு விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடினான். கண்ணில் பவர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்தான். விமானத்தில் ஏற முடியாதவன் அதைப் பற்றிப் படிக்கவுமா கூடாது? படித்துத் தள்ளினான். ஒரு ரஷ்ய விமானத்தின் நிழலைக் காட்டினால் போதும், அதன் அண்ணன் தம்பி, அங்காளி பங்காளி எல்லாரையும் சொல்லிவிடுவான்.

கல்யாணம் முடித்தது கடலூரில். மனைவி இளவரசியின் அண்ணன் கார்த்திகேசன் மஞ்சக்குப்பத்தில் மாடி அறையைப் பூட்டிக்கொண்டு வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையின் குரலைக் கேட்டதும் ஆள் குதித்துவிட்டான். "மாப்ள, இந்தக் கொரலை வச்சிக்கிட்டு செல்போன் கவர் விக்கிறியே!" என்றான். அப்படிப் பிறந்ததுதான் போர்ப்பறவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலகுமார் கடலூர் போய்ப் பேசிவிட்டு வருவான்; திரையில் விமானம்தான் ஓடும், அவன் முகம் வராது.

பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! "நம்ம மிக் இருபத்தொம்போதோட முதுகைப் பாருங்க. யு.பி.ஜி.ன்னு அப்கிரேடு பண்ணப்ப கூனு மாதிரி மேடு வச்சாங்க. கூடுதல் எரிபொருள் அதுலதான். கூனு இல்லாட்டி அது பழசு." அடுத்த வாரம் சுகோய். "மூக்குக்குப் பின்னாடி ரெண்டு சின்ன றெக்க, ஆளு ரெண்டு பேரு, அதான் நம்ம முப்பது எம்.கே.ஐ. சீனாக்காரன் வாங்கின முப்பதுல அந்தச் சின்ன றெக்க கெடையாது. சுகோய் முப்பத்தஞ்சுலயும் கெடையாது. ஆனா அதுல ஒரே ஆளு, இன்ஜின் பவரு ஜாஸ்தி." கேட்கிறவனுக்கு மறக்கவே மறக்காது.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. இளவரசி பிரசவத்துக்குக் கடலூர் அம்மா வீட்டுக்குப் போனாள், பெண் குழந்தை பிறந்தது, கனிமொழி என்று பெயர் வைத்தார்கள்; தாயும் பிள்ளையும் அங்கேயே தங்கிவிட்டார்கள். குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில்தான் வினை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசன் ஒரு தாளை நீட்டினான்.

"படி மாப்ள. 'நம்ம சுகோய் முப்பது எல்லாம் முப்பத்தஞ்சா மாறியாச்சு! நடுங்குது எதிரி நாடு!'"

"அது எப்டி மச்சான் மாறும்? ரேடாரை மாத்தலாம், கம்ப்யூட்டரை மாத்தலாம், அது அப்கிரேடு. முப்பத்தஞ்சு வேற வண்டி. ரெண்டு பேரு உக்கார்ற வண்டி எப்டி ஒத்தை ஆளு வண்டியாவும்?"

"நம்பர் அஞ்சு கூட. பாக்குறவனுக்கு அதான் தெரியும். உண்மையச் சொன்னா எவன் பாப்பான்?"

"இந்தப் பொய்யி என் வாயால வராது மச்சான்."

"அப்போ விடு," என்றான் கார்த்திகேசன். கோபப்படவே இல்லை. "ஒடம்பப் பாத்துக்க மாப்ள."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கக்கூடக் கடலூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் பாலகுமார் வீம்பாக இருந்துவிட்டான். அந்த வாரமே இளவரசி போன் செய்தாள். "அண்ணங்கூட சண்டைன்னு அம்மா சொன்னாங்க. ஆனா வீடியோல ஜோராப் பேசியிருக்கீங்க?"

"நான் பேசலியே!"

போட்டுப் பார்த்தான். அவன் குரலேதான். 'ஆனா' என்று இழுக்கிற இழுப்பும், நடுவில் விடுகிற மூச்சும்கூட அவனுடையது. சேர்த்துவைத்த நாலு வருஷப் பேச்சைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, கார்த்திகேசன் ஒரு பாலகுமாரையே செய்துவிட்டான். அந்த பாலகுமார் கூசாமல் முப்பதை முப்பத்தைந்தாக்கிக்கொண்டிருந்தான்.

போனில் பிடித்துக் கேட்டான். "உம் பேரு போட்டனா? மூஞ்சி போட்டனா?" என்றான் மச்சான். "கொரலுக்குப் பட்டாவா இருக்கு?"

விடுவானா பாலகுமார்? சொந்தமாக ஒரு சேனல் தொடங்கி, "உறவுகளே, அது நான் இல்ல, முப்பது வேற, முப்பத்தஞ்சு வேற" என்று தொண்டை கிழியப் பேசினான். அதற்கு வந்த பதில்களைப் படிக்க வேண்டுமே! 'போர்ப்பறவை அண்ணன் மாதிரியே மிமிக்ரி பண்றான்.' 'டூப்ளிகேட்டு, ரிப்போர்ட் அடிங்க.' எத்தனையோ பேர் அடித்தார்கள். சேனல் போயே போய்விட்டது. டீக்கடையில் இப்போது ஒருவன் தோளைத் தட்டி, "முப்பத்தஞ்சு வந்துடுச்சாமே, சூப்பர்ணே!" என்றான். இல்லை என்று சொல்லப்போனால் சிரிக்கிறான். அட, தன் குரலையே தன் குரல் என்று நிரூபிக்க ஒரு மனுசன் எங்கே போவான்?

போலீசுக்குப் போகலாம் என்று கிளம்பினான். இளவரசி போனில் அழுதாள். "அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சித்தான குத்தணும்? எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். அவரை ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டு, எம் பொண்ணை யாரு மடியில உக்கார வப்பீங்க?" போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

திருவந்திபுரம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. கார்த்திகேசன் பட்டு வேட்டியில் தாம்பாளச் சீரோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "வா மாப்ள, எதையும் மனசுல வச்சிக்காத," என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். பாலகுமாரும் சிரித்துத் தொலைத்தான். வேறு என்ன செய்வான்?

ஒரு காதில் ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டது. முகம் கறுத்து மூச்சடைக்க அழுதது. ஆசாரி அடுத்த காதைத் தொட முடியாமல் நின்றார். "போனை எடுடா, போனை எடு!" என்று பதறினாள் மாமியார். "தெனமும் அதைப் போட்டுத்தான அடக்குறோம்!"

கார்த்திகேசன் போனை எடுத்து அழுத்தினான். "வணக்கம் உறவுகளே! நம்ம சுகோய் முப்பது எல்லாம்..." என்று தொடங்கியதும் அழுகை சட்டென்று நின்றது. கண்ணீரோடு குழந்தை போனைப் பார்த்துக் கையை நீட்டியது.

பாலகுமாருக்குத் தாங்கவில்லை. முன்னால் போய் மண்டியிட்டான். "கனி, கண்ணம்மா, அப்பா இங்க இருக்கேன்டா, இங்க பாரு," என்றான். குழந்தை அவனைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. யாரோ அந்நிய ஆள் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி மாமன் மார்பில் ஒண்டிக்கொண்டு மறுபடி வீறிட்டது.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றாள் இளவரசி. "அவளுக்குக் கேக்க மாட்டேங்குது."

கார்த்திகேசன் சத்தத்தைக் கூட்டினான். "இதோ பாரு, அப்பா பேசுறாரு பாரு," என்று போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தான். குழந்தை சிரித்தது, ஆசாரி அடுத்த காதையும் குத்தி முடித்தார். குத்தி முடிகிற வரைக்கும் பாலகுமார் வாயைத் திறக்கவே இல்லை.