ஹில்டா காற்று பார்க்கிறாள்

விடிந்ததும் விடியாததுமாக ஹில்டா கூடாரத்தை விட்டு வெளியே வந்து, வில்லோப் புதரின் நுனியில் கட்டிய சிவப்புக் கம்பளி நூலைத்தான் முதலில் பார்ப்பாள். நூல் ஆடினால் வாத்து சுடலாம். ஆடாவிட்டால் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. சதுப்பு ஓரம் தங்கியிருக்கும் ஒன்பது குடும்பத்துக்கும் அவள் தலையசைப்புதான் சட்டம்.

காற்றில்லாத நாளில் வெடிச்சத்தம் ஈரப்பாசியின் மேல் மைல்கணக்கில் ஓடும். மிரண்டு கிளம்பிய காட்டு வாத்துகள் அந்த வசந்தம் முழுக்க இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

ஐம்பத்தெட்டு வயது. ஒட்டுப்போட்ட ரப்பர் பூட்ஸ். தேநீரில் ஐந்து கரண்டி சர்க்கரை. பேச்சு குறைவு, பிடிவாதம் ஏராளம். வேட்டையாடிய வாத்தின் எலும்பை மரியாதையில்லாமல் நாய்க்குப் போட்ட சொந்தத் தம்பியோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

மூன்று நாளாக நூல் அசையவில்லை. கணவர் ஜொசாயாவுக்கு நுரையீரலில் கட்டி. மதியம் ஹெலிகாப்டர் வந்து அவரைத் தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். திரும்பி வருவாரா என்று யாரும் சொல்லவில்லை. போவதற்குள், நெருப்போரம் தொங்கவிட்டுச் சுட்ட புது வாத்தில் ஒரு துண்டு வேண்டும் என்றார். எதிரே பனி உருகிய குட்டையில் நானூறு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஒரே ஒரு வெடி, அத்தை. மாமாவுக்காக. யாரு கேக்கப்போறா?" என்றான் அண்ணன் மகன் கிளிஃபர்ட், மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.

"வாத்து கேக்கும்டா. அப்புறம் உன் புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவே?"

ஜொசாயா இருமலுக்கு நடுவே சிரித்தார். "தலைவியக் கட்டிக்கிட்டேன்ல, எனக்கு நல்லா வேணும். விடு புள்ள. போன வருஷத்து வாத்துக் கொழுப்பு இருந்தா ரொட்டியில தடவிக் குடு."

டப்பாவின் அடியைச் சுரண்டித் தடவிக் கொடுத்தாள். அவர் மென்றுமுடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

ஹெலிகாப்டர் அவரை ஏற்றிக்கொண்டு எழும்பியது. வாத்துகள் கலைந்து பறந்தன; ஆனால் இந்த இரைச்சல் அவற்றுக்குப் பழக்கம், வெடிபோல் ஒரேயடியாக விரட்டாது. ஹெலிகாப்டரின் விசிறிக் காற்றில் சிவப்பு நூல் படபடவென்று துடித்தது, மூன்று நாளில் முதல் முறையாக.

ஹில்டா புதரருகே போய் அந்த நூலைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். சத்தம் தெற்கே தேய்ந்து அடங்கி, வாத்துகள் ஒரு சுற்றுச் சுற்றிக் குட்டையில் இறங்கும்வரை விடவில்லை. பிறகு கையைத் திறந்தாள். நூல் நேராகத் தொங்கியது. கூடாரங்களின் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையசைத்தாள்.