என்னுடைய நாவூறு

வேலணையில் எங்கள் ஒழுங்கைக்குள் என் நாக்குக்கு ஒரு பெயர் இருந்தது. நான் "வடிவான பிள்ளை" என்றால் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருமாம். "நல்லாச் சாப்பிடுது" என்றால் அடுத்த வேளை சோறு இறங்காதாம். தம்பியின் மனைவி, என் மச்சாள், நான் அவளுடைய மகளைப் பார்த்து வாய் திறந்தாலே குசினிக்குள் ஓடுவாள். உப்பும் செத்தல்மிளகாயும் எடுத்துவந்து பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் இருமலெடுக்கக் கமறாமல் எரிந்தால் நாவூறு பட்டிருக்கிறது என்று கணக்கு. என் நாவூறுக்குப் போட்ட மிளகாய் ஒருநாளும் கமறியதில்லை என்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த நாக்கிலேயே புற்றுநோய் வந்தபோது ஊர் என்ன கதைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கதைக்கட்டும் என்று விட்டேன். கதிர் சிகிச்சை நோயைத் தீர்த்தது. கூடவே வாயிலிருந்த எச்சிலையும் வற்றச் செய்துவிட்டது.

"கொஞ்சம் கொஞ்சமா ஊறலாம், ஊறாமலும் விடலாம்" என்றார் டொக்டர். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

புட்டு வாய்க்குள் மணலாகக் கிடந்தது. சொதியில் மிதக்கவிட்டுச் சாப்பிட்டேன். எங்கள் கிணறுகள் உவர். நல்ல தண்ணீரைச் சிக்கனமாகக் குடித்து வளர்ந்தவள் நான். போத்தலும் கையுமாக மிடறு மிடறாகக் குடிப்பதை ஒருவரும் எனக்குப் பழக்கத் தேவையில்லை.

"இனி உமக்குப் பயமில்லை. வாயூறாதவளிட்ட என்ன நாவூறு?" என்று மச்சாளைப் பகிடி பண்ணினேன். அவளும் சிரித்தாள்.

பிறகு ஒருநாள் பிள்ளை புதுச்சட்டை போட்டுவந்து நின்றாள். "என்ர குஞ்சு, நல்ல வடிவு" என்றேன். மச்சாள் குசினிக்கு ஓடவில்லை. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் உண்மையாகப் பயந்தேன். இந்த வாய் இனி இப்படியே தானா?

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம், பிள்ளை நான் சாய்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் இருந்து புளியங்காயை உப்பில் தொட்டு நக்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டினாள். எனக்குக் காதுக்குக் கீழே சுரீரென்றது. நாக்கின் அடியில் ஈரம். போத்தலைத் தொடவேயில்லை, அது என்னுடைய ஈரம்.

"மச்சாள், ஓடியாரும்! பிள்ளைக்கு என்ர நாவூறு பட்டிட்டுது!"

ஈரக்கையோடு வந்தவள் என் வாயைப் பார்த்தாள். மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். குசினி முழுக்கப் புகை. பிள்ளை தும்மினாள், நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினேன். கணக்குப்படி நாவூறே இல்லை. என் முகம் விழுந்துவிட்டது.

மச்சாள் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமி இருமிச் சொன்னாள்:

"கமறேல்லை மச்சாள். கொஞ்சமும் கமறேல்லை."