எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு சொல்லுங்க

பாலிசி அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தொழில் லைசென்ஸில் அழகாக அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. “பாலிசி அக்கா வீடு எது?” என்று கேட்டுப் பாருங்கள், மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து கை காட்டுவார். இருபத்து மூன்று வருடமாக அந்த வட்டாரத்தின் வண்டிக்கும் கடைக்கும் உயிருக்கும் உடம்புக்கும் காப்பீடு எடுத்துக் கொடுக்கிறவர் அவர். எந்தக் கம்பெனிக்கும் சம்பள ஆள் கிடையாது. ஐந்து கம்பெனிகளின் பாலிசிகளைப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எது பொருந்துமோ அதை எடுத்து நீட்டுகிற தனி புரோக்கர்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸ் வருவதற்கு முன்னால் அக்கா வந்துவிடுவார் என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். பேக்கரியில் தீப்பிடித்த அன்று, எல்லோரும் வெளியே ஓடிவந்துகொண்டிருக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கருகிய அடுப்பை நாலு பக்கமும் படம் எடுத்தவர். அந்தப் படங்களைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் வாங்கித்தான் பேக்கரி மறுபடி திறந்தது.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. விண்ணப்பத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்கவே மாட்டார். “நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.” அந்த மிச்சத்தில்தான் விஷயமே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் உடல்நிலை பற்றிப் பதினான்கு கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்களா. அக்கா மளமளவென்று பதினான்குக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போவார். “ஒரு இடத்துல ‘ஆமா’ன்னு போட்டோம்னா அந்த டெஸ்ட் எடு, இந்த டெஸ்ட் எடுன்னு ஒரு மாசம் இழுத்தடிப்பாங்க. அதுக்குள்ள ஆளு மனசு மாறிடுவாரு.” பெரிய பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

அப்புறம் காலம் மாறியது. கடன் கேட்டுப் போனால் வங்கியிலேயே ஒரு பாலிசியைத் தலையில் கட்டி அனுப்பினார்கள். வண்டி வாங்கினால் சாவியோடு சேர்த்துக் காப்பீட்டையும் கொடுத்தார்கள். அக்கா தீயில் புகுந்து காப்பாற்றிய அதே பேக்கரிக்காரர் ஒரு நாள் போனை நீட்டி, “அக்கா, இந்த ஆப்புல உங்களைவிடக் கம்மியா காட்டுதே” என்றார். அந்தக் கம்மியில் அடுப்புக்குக் காப்பே இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் பேசவேண்டியிருந்தது. “சரிக்கா, யோசிக்கிறேன்” என்றார் அவர். நன்றி கெட்ட மனுஷன்! ஐந்து கம்பெனிகளில் இரண்டு, சின்ன புரோக்கர்களோடு இனிமேல் வேலை இல்லை என்று கடிதம் போட்டன. இரண்டுமே ‘அன்புள்ள கூட்டாளி’ என்று ஆரம்பித்திருந்தன. முதல் கடிதத்துக்கு அக்கா சிரித்தார். இரண்டாவதுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரர் முதுகெலும்பு தேய்ந்து வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அக்காவின் கமிஷனில்தான் அடுப்பு எரிகிறது. அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய புரோக்கர் நிறுவனம், தனியாகத் தள்ளாடிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் தன் குடையின் கீழ் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அக்காவையும் கூப்பிட்டார்கள். மேசை, நாற்காலி, மாதச் சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை: அவர் பேரில் எந்தக் கம்பெனியிலும் புகார் இருக்கக்கூடாது. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் ஒரு தையல்காரரின் கிளைம் மறுபரிசீலனை வந்து நின்றது.

அந்தத் தையல்காரர் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். நாலு மிஷின் போட்ட கடை. மனைவி கூடவே உட்கார்ந்து காஜா எடுப்பார். போன வருடம் தையல்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவுப் பாலிசி எடுத்துக் கொடுத்தது அக்காதான். அதற்குள் காகிதம் ஒழிந்து எல்லாம் போனுக்கு வந்திருந்தது. டிக் அடிக்க வழியில்லை. கம்பெனியிலிருந்தே கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, பதிலைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அக்கா விடுவாரா? கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். மனைவி பட்டன் வாங்கப் போயிருந்த நேரம்.

“அக்கா, எனக்கு ரெண்டு வருஷமா சுகர் மாத்திரை ஓடுதே” என்றார் தையல்காரர்.

“மாத்திரைதானே, ஊசி இல்லையே? கன்ட்ரோல்ல இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப இல்லைன்னுதானே அர்த்தம். எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சர்க்கரைக் கேள்வி வந்ததும் மனுஷன், “அது வந்து...” என்று இழுத்தார். அக்கா பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். தையல்காரர் அப்படியே ஒப்பித்தார்.

பதினோராவது மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிங் மேசை மேலேயே சாய்ந்துவிட்டார். ஆபரேஷன் செய்து பிழைத்தார். கம்பெனி அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளைத் தோண்டி எடுத்து, நோயை மறைத்ததால் ஒன்றும் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது.

கடிதம் வந்த அன்று அக்கா அவர் வீட்டில்தான் இருந்தார். மனைவி கொதித்துப் போனார். “ஏங்க, அக்கா கேட்டப்ப சுகர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

தையல்காரர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கேட்டாங்க. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே திறந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. திறக்கவில்லை! அதன் பிறகு மூன்று மாதமாக வாராவாரம் போனார், பழம் வாங்கிப் போனார், அப்பீலுக்கு ஃபாரம் எடுத்துப் போனார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா புருஷனைத் திட்டினார், அக்கா உட்கார்ந்து கேட்டார். நாலு மிஷின் மூன்றாகி, மூன்று இரண்டானது.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபரிசீலனைக்கான காகிதங்களை வாங்கப் போனபோது, தையல்காரர் தானே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். கோணல் எழுத்து. ‘முகவர் அம்மா என்னிடம் தெளிவாகக் கேட்டார்கள். நான்தான் மறைத்துவிட்டேன். மன்னித்து உதவவும்.’

கம்பெனிக்கு வேறு என்ன வேண்டும்? ‘மறைத்துவிட்டேன்’ என்ற ஒற்றைச் சொல் போதும், கோப்பைக் கட்டித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

“இதை யாரு எழுதச் சொன்னது உங்களை?”

அடுப்படியில் இருந்த மனைவிக்குக் கேட்காதபடி அவர் தணிந்த குரலில் சொன்னார்: “உங்க பேருக்கு ஒண்ணும் வரக்கூடாதுல்லக்கா. நீங்க அந்தப் பெரிய இடத்துக்குப் போயிட்டா, அங்கேருந்து நம்ம கேசைப் பேச மாட்டீங்களா?”

அந்தக் கடிதமே கேசை மூடிவிடும் என்ற விவரம் தெரியாமல்தான் அவர் சொன்னார். அக்கா கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

“நீ உண்மையைச் சொன்னா லைசென்ஸ் போயிடும்ல?” என்றார் அவர்.

“போயிடும். அந்தத் திங்கட்கிழமையும் போயிடும்.”

“சொல்லாட்டி?”

“அவங்க கடை போயிடும்.”

அவர் முதுகுக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டார். “அப்ப நம்ம கதி?” என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு கம்பெனியின் மூன்றாவது மாடி. கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை. தையல்காரரால் படியேற முடியாது என்று மனைவி வந்திருந்தார், மடியில் ஆஸ்பத்திரிக் காகிதங்களை அணைத்துக்கொண்டு. எதிரில் கிளைம் அதிகாரி, நிதானமான மனிதர்.

“சர்க்கரை இல்லைன்னு அவர் வாயாலதாம்மா சொல்லியிருக்கார். பதிவு இருக்கு” என்று அந்த ஒரு வரியை மட்டும் ஓடவிட்டார். ‘இல்லைங்க’ என்றது தையல்காரரின் குரல். மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவின் பையில் அந்தக் கடிதம் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“சார், அந்தக் கேள்வியிலேருந்து போடுங்க. சத்தத்தைக் கூட்டி வைங்க.”

“எதுக்குங்க? பதில்தான் தெளிவா இருக்கே.”

“நீங்க போடுங்க சார்.”

அதிகாரி சத்தத்தைக் கூட்டினார். கடை மின்விசிறி ஓடுகிற இரைச்சல். ஒரு பெண் கேள்வி கேட்கிறாள். ‘அது வந்து...’ என்று ஓர் இழுப்பு. அதன் அடியில், தெளிவாகவே, இன்னொரு குரல்: ‘இல்லைன்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க.’

அதிகாரி நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். “இது யாரு?”

“நான்தான் சார். சுகர் மாத்திரை சாப்பிடறேன்னு அவர் என்கிட்ட சொன்னார். நான்தான் மாத்திச் சொல்ல வச்சேன்.”

“இதை நான் எழுதிக்கிட்டா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமாம்மா?”

“இருபத்து மூணு வருஷமா இதே தொழில்தான் சார். தெரியும். எழுதிக்குங்க.”

அவர் எழுதினார். அக்கா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். முகவருக்கே தெரிந்திருந்தது என்றால் கேசைத் திரும்ப எடுத்துத்தான் ஆகவேண்டும், முடிவு மேலிடத்தில் இருக்கிறது, நம்பிக்கையாக இருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னார் அதிகாரி. அந்த அம்மா காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

வெளியே வராந்தாவில், லிஃப்டுக்காக நிற்கும்போது அக்கா அவர் கையைப் பிடிக்கப் போனார். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“மூணு மாசம்க்கா. நெஞ்சைக் கிழிச்சுத் தச்ச மனுஷனைப் போயி, தினம் காலைல எழுந்ததும் திட்டினேன். உன்னாலதான் மிஷின் போச்சு, உன்னாலதான் சோத்துக்கு லாட்டரின்னு வாய்க்கு வந்தபடி பேசினேன். நீங்களும் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

லிஃப்ட் வந்து திறந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை.

“இப்ப நான் வீட்டுக்குப் போயி அவர் மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?”