விழ விடாத கை

செவன் ஹில்ஸ் ஜிம்மில் எங்களுக்குக் குத்துச்சண்டை பழக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர். நசுங்கிய மூக்கு, இரும்புக் கை. நூறு வருடங்களுக்கு முன்பு இதே சிட்னியில் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன், முஷ்டிகளை உயர்த்தியபடி சுவரில் படமாக நின்றார். தினமும் அந்தப் படத்தைத் துவாயால் துடைத்துவிட்டுத்தான் மாஸ்டர் வகுப்பைத் தொடங்குவார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். “இவரெல்லாம் பெரிய வீரரா மாஸ்டர்? அந்தப் பட்டச் சண்டையில விழப்போறவனத் தாங்கிப் பிடிச்சுப் பிடிச்சு அடிச்சிருக்காரே!”

மாஸ்டர் என்னருகே வந்தார். இடது கையை என் அக்குளில் கொடுத்துத் தூக்கி, வலது கையால் விலாவில் குத்தினார். இரண்டாவது குத்தில் என் முழங்கால் மடிந்தது. அவர் விழ விடவில்லை. மூன்றாவதில் நாக்கைக் கடித்து, வாயெல்லாம் இரத்தம்.

“விடுங்க மாஸ்டர்!”

உடனே விட்டார். தரையில் கிடந்த என் பக்கத்தில் குந்தினார்.

“நானும் ஆமிக் காம்பில இப்பிடித்தான் கெஞ்சினனான் தம்பி. அவங்கள் விடேல்லை.”

மூச்சு வாங்கியபடி படத்தைக் காட்டினேன். “அப்போ இவரு?”

“கறுப்பன் எண்டு எத்தினை வருசம் அவனைப் பட்டத்துக்கு மோதவே விடேல்லை. அவன்தான் பெரிய சாம்பியன். அதில மாற்றமில்லை.”

எழுந்து போய், அன்று இரண்டாவது தடவையாகப் படத்தைத் துடைத்தார். இந்த முறை சாம்பியனின் கைகளை மட்டும்.