எண்ணெய் காணாத கப்ளிங்

மஞ்சள் பூசிக் குளித்த முகம், காதோரம் இன்னும் ஈரம் உலராத முடி. அந்தக் கோலத்தோடு அண்ணி தன் சுட்டுவிரலை என்ஜின் எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கியெடுத்து, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்புத் துண்டின் மேல் தடவிய காட்சி என் கண்ணில் இன்றும் நிற்கிறது. திருவள்ளூரில் ஒரு மெக்கானிக் பட்டறையின் வாசல் அது. முற்பகல் வெயிலில் வேப்பமர நிழல் தரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. குழந்தையின் உச்சந்தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல அவசரமே இல்லாமல், அந்த இரும்பின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பற்களின் இடுக்குகளிலெல்லாம் விரலை ஓட்டித் தடவினார். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். "போதும்மா, இஞ்சின் ஓடிச்சின்னா தானா எண்ணெ வந்துடும்" என்றார் அவர். "வர்ற வரைக்கும் அது காஞ்சிக்கினு இருக்கக்கூடாது இல்ல பாய்" என்றார் அண்ணி. நான் அருகில் நின்றிருந்தேன். அதேபோல் ஒரு சின்ன இரும்பு காய்ந்துபோனதால் எங்கள் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஊத்துக்கோட்டையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. நெல் நிலம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன் ஒரு பழைய டீசல் வேனை வாங்கித் தானே ஓட்டினார். நெல் மூட்டை, காய்கறி, சந்தைக்குப் போகும் சனம் எல்லாம் அதில்தான் திருவள்ளூருக்குப் போகும். நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். விடியற்காலையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டி ஏரிக்கரை வழியாகப் போன நாட்களை நினைத்தால் அவை உண்மையில் நடந்தவையா என்றே சந்தேகம் வரும். தண்ணீரும் வானமும் எங்கே சேர்கின்றன என்று தெரியாத ஒரு வெண்மை. அதற்குள்ளிருந்து ஒரு கொக்குக் கூட்டம் தோன்றும், பிறகு அதற்குள்ளேயே கரைந்துபோகும். என்ஜின் சத்தம்கூடத் தூரத்தில் யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்கும்.

வண்டியின் பழுதுகளை அண்ணியின் தம்பிதான் பார்ப்பார். ஊத்துக்கோட்டையில் ஒரு பட்டறையில் தொழில் கற்றவர். என்னை அவருக்குக் கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். அதனால் அவர் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். ஆனால் சன்னல் வழியாகப் பார்ப்பேன். டீசல் வண்டியில் பிரேக்கை மிதிக்கும் காலுக்குத் துணையாக, காற்றை உறிஞ்சும் பம்ப் ஒன்று என்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். என்ஜினுக்கும் பம்புக்கும் நடுவில் இருந்து அதைச் சுழற்றுவதுதான் கப்ளிங் என்ற அந்தச் சின்ன இரும்பு. பம்ப் பொருந்தும் இடத்தில் எண்ணெய் ஒழுகுகிறது என்று அண்ணன் சொல்ல, தம்பி ஒருநாள் அதைக் கழற்றினார். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் வைக்கும் பேக்கிங் தாள் கிழிந்திருந்தது. புதிதாகத் தாள் வாங்கிவந்து, பம்பின் முகப்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரமெல்லாம் தட்டித் தட்டி அளவாக வெட்டினார். அந்தச் சத்தம் மத்தியானம் முழுக்க, யாரோ தொலைவில் தாளம் போடுவதுபோல, வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லை. "உன் தம்பி கை ராசியான கை" என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் விபத்து. பூண்டி தாண்டி ஒரு சரிவில், மூட்டை ஏற்றிய வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே நடவு முடித்த பெண்கள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் அவர்கள்மேல் மோதாமல் வண்டியை ஓரமாக ஒடித்துவிட்டார். மதகுச் சுவரில் மோதியது. வேறு யாருக்கும் அடியில்லை. அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

கால் போனதைவிட மோசமான ஒன்று அதன் பிறகு நடந்தது. "பிரேக்கு கல்லு மாதிரி ஆயிடுச்சி, மிதிச்சேன், எறங்கவே இல்ல" என்று ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னார். யாரும் நம்பவில்லை. நேற்று வரை நன்றாக இருந்த பிரேக், புதிதாகப் பழுது பார்த்த வண்டி. அது எப்படித் திடீரென்று கல்லாகும்? குடித்திருப்பார் என்றார்கள் சிலர். தூங்கிவிட்டார் என்றார்கள் பலர். அந்தப் பெண்களில் ஒருத்தி, "கண்ணு சொக்கினாப்லதான் இருந்துச்சி" என்று சொன்னதாக ஊரில் பேச்சு. வீட்டுக்கு வந்த அண்ணன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடம், "அந்தத் தண்ணி பளபளன்னு இருந்துச்சி, கொக்கு பறந்துச்சி, அதான் நெனப்பிருக்குது. அது கனவா இருக்குமோ? நான் நெசமாவே தூங்கிட்டனோ?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் எதிலும் தன்னை நம்பாதவராக ஆகிவிட்டார். கதவைச் சாத்தினேனா, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னேனா என்று ஒவ்வொன்றையும் எங்களைக் கேட்டார். நாலு பேர் முன்னால் பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவார்.

அந்த நாட்களில் அண்ணனைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைப்பதும், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், சவரம் செய்துவிடுவதும் அண்ணியின் தம்பிதான். தன் சொந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே கிடந்தார். அண்ணனுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாத குறையை அவர் தீர்த்துவிட்டார் என்று என் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவானது. திருவள்ளூர்ப் பட்டறையில் கிடந்த அதை விலைக்குத் தேறும்படி பழுது பார்க்கச் சொல்ல அண்ணியும் நானும் போனோம். பாய் அன்று பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கப்ளிங்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதன் பற்கள் தேய்ந்து முறிந்திருந்தன; உடம்பு முழுக்கச் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. "இன்னாம்மா இது, எண்ணெயே கண்டதில்லயே இந்த கப்ளிங்கு. காஞ்சி ஓடி ஓடி ஒடிஞ்சிருக்குது. பம்பு நின்னா பிரேக்கு எங்கருந்து புடிக்கும்? பத்து ஆளு சேந்து மெரிச்சாலும் கல்லுதான்" என்றார். பிறகு பேக்கிங்கை உரித்து வெயிலில் பிடித்தார். என்ஜினிலிருந்து எண்ணெய் வரும் துளைக்கு நேராக அந்தத் தாளிலும் ஒரு துளை இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் எண்ணெய் முட்டி முட்டி நின்ற வட்டமான கறை மட்டும் இருந்தது. "ஒழுகாமதான் இருக்கும், எப்பிடி ஒழுகும்? வழியவே அடச்சிட்டானே. எவம்மா வெட்டினது இத?" என்றார் பாய்.

அண்ணி அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ் பூண்டி ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தது. ஏரித் தண்ணீரில் சாயங்கால வெளிச்சம் பரவியிருந்தது. சன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்த அண்ணியின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்து வந்து போயிற்று. எனக்குள் என்னென்னவோ ஓடியது. தாளைச் சன்னல் வழியாக வீசிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவருடைய தம்பிக்கும் தெரியாது. வேண்டுமென்று செய்த காரியமா அது? என் கல்யாணமும் தடையில்லாமல் நடக்கும். அண்ணிக்கும் இதெல்லாம் தோன்றியிருக்கும். ஊர் நெருங்கும்போது, "நான் ஊட்டுக்குப் போய்ச் சொல்லப் போறேன். நீ குறுக்க ஒண்ணும் பேசாத கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் தம்பி அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி முகம்கூடக் கழுவாமல் நேராகப் போய் அந்தத் தாளைக் கட்டிலில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க தூங்கல. பம்பு கப்ளிங்கு எண்ணெ இல்லாம ஒடிஞ்சி போச்சி. பிரேக்கு நெசமாவே கல்லாதான் ஆயிருக்குது. இது என் தம்பி வெட்டின பேக்கிங்கு. எண்ணெ வர்றதுக்கு ஓட்டை போடல."

தம்பி தாளை எடுத்துப் பார்த்தார். துளை இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தொட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ரொம்பத் தயங்கிக் கேட்பவர்போல, "அப்ப நான் முழிச்சிக்கினுதான் இருந்தனா?" என்றார். "முழிச்சிக்கினுதான் இருந்தீங்க" என்றார் அண்ணி. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கால் போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

மறுநாள் தம்பியைக் காணவில்லை. ஆந்திர எல்லை தாண்டி சத்தியவேட்டில் ஓர் அரிசி மில்லில் என்ஜின் பார்க்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணியின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா" என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு வெகுகாலம் வரவில்லை. என் அம்மாவோ, அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வீட்டிலும் அண்ணிக்கு ஆதரவாகப் பேச ஆளில்லை. அவர் எதையும் விளக்கவும் இல்லை. வண்டியை விற்க வேண்டாம் என்றார். புதுக் கப்ளிங், துளை போட்ட பேக்கிங் எல்லாம் பொருத்தும்போது, நான் முதலில் சொன்னேனே, அன்றைக்குத்தான் தானே பட்டறையில் நின்று எண்ணெய் தடவினார். கூலிக்கு ஒரு டிரைவர் வந்தார். அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலை கிடைத்ததும் போய்விட்டார். வண்டி வாசலில் நின்றது.

அப்போதுதான் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி சத்தியவேட்டுக்குப் போனார். விபத்துக்குப் பிறகு அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது. அங்கே நடந்ததை அவர் சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறார். மில்காரர், "ரா நைனா, கூச்சோ" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாராம். தம்பி தவிட்டுப் புழுதிக்குள்ளிருந்து எழுந்துவந்து தலைகுனிந்து நின்றாராம். "எத்தினி நாளைக்கு இங்க குந்திக்கினு இருப்ப? வண்டி ஓட்ட ஆள் இல்ல, வா" என்றிருக்கிறார் அண்ணன். "என்ன நம்பி வண்டியக் குடுப்பீங்களா மாமா?" "ஒருவாட்டி ஓட்டை போட மறந்தவன் இனிமே மறப்பானா? வேற எவன் மறந்தாலும் நீ மறக்க மாட்ட."

இருவரும் சேர்ந்து ஊர் வந்து இறங்கியதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணனின் கை அவர் தோளில் இருந்தது.

அதன் பிறகு கல்யாணப் பேச்சு மறுபடி எழுந்தது. அண்ணி என்னைப் பம்புசெட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "அவன் என் தம்பின்னு பாக்காத. அவனுக்காக நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லு, யாரும் உன்ன ஒண்ணும் கேக்காம நான் பாத்துக்கறேன்" என்றார். நான் தம்பியிடமே ஒன்று கேட்க வேண்டும் என்றேன். கொல்லையில், எல்லோருக்கும் தெரியும்படிதான், அவர் வந்து நின்றார். "அக்கா மேல கோவம் இருக்குதா?" என்று கேட்டேன். "இருந்துச்சி. மில்லுல இருக்கும்போது தெனம் இருந்துச்சி. அப்புறம் ரோசன பண்ணிப் பாத்தேன். அக்கா சொல்லாம உட்டிருந்தா மாமா காலம்பூரா தன்னையே நம்பாம கெடந்து, அதப் பக்கத்துல இருந்து நான் பாத்துக்கினு இருந்திருப்பேன், எதனாலன்னு தெரியாமயே. அதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். அண்ணியிடம் போய்ச் சரி என்று சொன்னேன்.

நாங்கள் திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் குடியேறினோம். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். காக்களூரில் தொழிற்சாலை ஷெட்டுகள் பெருகியபோது என் கணவர் அங்கே ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி ஓட்டினார். பிள்ளைகள் வளர்ந்தார்கள். அண்ணன் போனார், சில வருஷங்களுக்கு முன் என் கணவரும் போனார். இப்போது அண்ணி என்னோடுதான் இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது. சில நாள் என்னைத் தன் அம்மா என்று நினைத்துக்கொள்கிறார். சில நாள் யாரென்றே தெரியாமல் மரியாதையாக "வாங்க" என்கிறார். சாயங்கால வெளிச்சம் வீட்டுக்குள் விழும் நேரத்தில் மட்டும் ஏதோ கலங்கிப்போய் என் கையைப் பிடித்துக்கொள்வார். அத்தனை வருஷமும் யாரிடமும் கேட்காத ஒன்றை அப்போது கேட்பார்.

"நான் சொன்னது சரிதான?"

எதைச் சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது.

"சரிதான் அண்ணி" என்பேன்.

"அப்படியா" என்று கையை விடுவார். மறுநாள் மறுபடி கேட்பார். எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வேன்.